கண்ணுக்குள் ஊசியா, லேசரா? போட்டவர்கள் சொல்லுங்கள்

தூத்தூர்க்காரி:
சுகர் கண்ணுக்கு ஏறிய கதையை விளக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குச் சுகரால் இரண்டு விழித்திரையிலும் தேவையில்லாத புது ரத்தக்குழாய் முளைத்து, வீக்கமும் இருந்தது. லேசர் என்றதும் பயந்துவிட்டார், ஊசியே போதும் என்று நாங்களும் நின்றோம். மாதம் ஒன்றாக மூன்று ஊசி, வீக்கம் வற்றி பேப்பர் வாசித்தார். அப்புறம் தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனார், இரண்டு தடவை போய் வந்ததில் ஊசி விட்டுப்போனது. கரைக்கு வந்த அன்று வாசலில் நின்ற என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே "ஆரு நிக்கது, அம்மையா?" என்று கேட்டார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

குலசேகரம்:
அதற்காக லேசர்தான் நல்லது என்று சொல்லிவிடாதே தங்கச்சி. எனக்கு ஒவ்வொரு கண்ணிலும் ஆயிரம் லேசர் சூட்டுக்கு மேல், பல நாளாகப் பிரித்துப் போட்டார்கள். பார்வை நின்றது, அது உண்மை. ஆனால் நான் ரப்பர் வெட்டுகிறவன். விடியுமுன் தலையில் லைட் கட்டிப் போனால் வெளிச்சம் விழும் வட்டம் மட்டும்தான் தெரிகிறது, பக்கத்து மரம் தோளில் இடித்த பிறகுதான் தெரிகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நாகர்கோவில் அக்கா:
சொல்லாதது தப்புதான் தம்பி, ஆனால் லேசரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ரத்த ஓட்டம் இல்லாமல் தவிக்கிற ஓரத் திசுதான் புது குழாயை முளைக்க வைக்கிறது. லேசர் அந்த ஓரத்தைச் சுட்டு நடுப்பார்வையைக் காக்கிறது. ஊசி மருந்து அந்தத் தூண்டுதலைச் சில வாரம் அடக்கும், அவ்வளவுதான். 2015-ல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு வருஷ முடிவில் ஊசி லேசருக்குக் குறையவில்லை, ஓரப் பார்வையும் அதிகம் போகவில்லை. ஆனால் அங்கே அடிக்கடி வரவழைத்துப் பார்த்தார்கள். கடலுக்குப் போகிறவருக்கு அது நடக்குமா? எனக்கு விழித்திரையின் நடுப்புள்ளியில் வீக்கம், அதற்கு ஊசிதான் முதலில், அவாஸ்டின் என்கிற ஊசி மருந்து ஐந்து தடவை போட்டேன். ஊசிக்குப் பிறகு வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள். சுகரோடு ரத்த அழுத்தத்தையும் பாருங்கள்.

தூத்தூர்க்காரி:
சரி அக்கா. வலது கண்ணில் ரத்தம் தெளிந்ததும் லேசர் போட்டாயிற்று, இடது கண்ணில் இன்னும் கரையவில்லை. அதற்குள் அடுத்துக் கடலுக்குப் போகும் போட்டுக்குப் பேர் கொடுக்கிறேன் என்கிறார் அப்பா. குலசேகரம் அண்ணா, உங்களுக்கு இருட்டு கொஞ்சமாவது பழகியதா? ராத்திரி போட்டின் ஓரத்தில் நிற்கிறவர் அவர்.