தோட்டத்துல துப்பறிஞ்ச பாட்டிங்க: யாராவது மாட்டியிருக்கீங்களா?

பழைய லயத்துப் பையன்:
எங்க ரப்பர் தோட்டம் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், 1948 ஜூன் 16ல கம்யூனிஸ்டுங்க வெள்ளக்காரத் துரையச் சுட்டாங்களே எல்பில் எஸ்டேட், அங்கிருந்து ரொம்ப தூரமில்ல. கட்டிப்பால் திருட்டு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ரப்பர் பால் எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் மரத்துல கட்டுன கிண்ணத்துல, அதான் மங்குல, வடியிறது தானா உறைஞ்சு கிடக்கும், பால் வெட்டுக்காரங்க வந்து எடுக்குறதுக்குள்ள எவனோ வழிச்சிட்டுப் போயிருவான். ரெண்டு வாரமா இதே கதை, மண்டோர், அதான் கங்காணி, காலைல ஆள் எண்ணுற பெரட்டுல கத்துறாரு, காவக்கார ஜாகா நான் தூங்கவே இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்றாரு. தொழிலாளிங்க வீட்டு வரிசையில, கடைசி லயத்துல ஒரு பாட்டி, யாரும் கேக்காமலே கேச எடுத்துக்கிட்டாங்க.

வெள்ளிக்கிழமை கோயில்ல சுண்டல் நான் குடுக்குறேன்னு வாங்கி வச்சிக்கிட்டு, வரிசைல வந்த ஆம்பளைங்கள ஒவ்வொருத்தரா மோந்து பாத்தாங்க. சத்தியமா. எங்க மாமா முன்னால நின்னுட்டாங்க. "வெட்டுக்குப் போறவன் மேல நாத்தம்தான்டா அடிக்கும், நீ ஏன் மாப்ள மாதிரி மணக்குற?" மாமா, "பவுடர் பாட்டி"ன்னாரு. அப்புறம் என் பக்கம் குனிஞ்சு, "ஏய்யா, சப்பாத்து புதுசா இருக்கே, யாரு வாங்கிக் குடுத்தா?"

"மாமா!"ன்னேன். பெருமையா, காலத் தூக்கிக் காட்டி. எட்டு வயசு. மாமா கையில இருந்த சுண்டல்ல ஒரு தேங்காச் சில்லு மட்டும் நழுவி விழுந்துச்சு, அது இன்னும் கண்ணுல நிக்குது.

செம்பனைக்காரன்:
இதெல்லாம் துப்பறியறதா? பவுடர் போட்டவன் எல்லாம் திருடன்னா எங்க தோட்டத்துல பாதிப்பேரு உள்ள போயிருக்கணும் லா. வெட்டுக்காரன் கோயிலுக்கு குளிச்சிட்டு வரமாட்டானா? சப்பாத்தும் சம்பளத்துல வாங்கியிருக்கலாம். பாவம் உங்க மாமா.

எங்க பாட்டியோட லட்சணத்தக் கேளுங்க. கோயில் ஸ்டோர்ல வாழைத்தாரு தினம் கொஞ்சம் கொஞ்சமா குறையுது, உள்ள போனா பண்டான் இலை வாசம். பாட்டி உடனே, பூசாரி ராத்திரி பண்டான் போட்டு பொங்கல் வச்சு பழத்தோட திங்கிறாருன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. மூணு நாள் அந்த மனுசன் கூட யாரும் பேசல. நாலாம் நாள் டார்ச் அடிச்சுப் பாத்தா உத்தரத்துல முசாங்கு, மரநாய், வாயில பழம், எறங்கக்கூட இல்ல, எங்களையே பாக்குது. மலாய்க்காரங்க அதுக்கு முசாங் பண்டான்னே பேரு வச்சிருக்காங்க, அதோட ஒடம்பு வாசமே அதான். பாட்டி பூசாரிகிட்ட மன்னிப்புக் கேட்டாங்களா? "நீ திங்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்"னாங்க. அவரு மூணு நாளா அததான் சொல்லிக்கிட்டிருந்தாரு.

ரெண்டாம் டிவிஷன் பொண்ணு:
பாட்டிங்கள அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. கித்தா, அதான் ரப்பர் மரத்த வெட்டிட்டு எண்ணெய் எடுக்குற செம்பனை போட்டு சில வருசம், ராத்திரி பொம்பள கழுத்த நெரிக்கிற மாதிரி ஒரு அலறல், மோகினின்னு பொழுது சாஞ்சா யாரும் வெளிய வர்றதில்ல, கக்கூஸ் வெளிய இருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க. எங்க பாட்டி மட்டும் விடிஞ்சதும் என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, மரத்தடியில கறுப்பா கட்டைவிரல் தண்டிக்கு கிடந்த ஒண்ண எடுத்து வெறுங்கையால புட்டாங்க. உள்ள ரோமம், குட்டி மண்டை ஓடு, ஆரஞ்சு கலர் பல்லு ரெண்டு. எலி. "மோகினி எலியா திங்கும்?"

மேல பாத்தா கம்பத்துல பொட்டி. குலையக் கடிக்கிற எலியப் புடிக்கத் தோட்டத்துலயே ஆந்தைக்குக் கூடு வச்சிருக்காங்க, அது முழுங்கிட்டு ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாக் கக்குமாம். மண்டோருக்கு எல்லாம் தெரியும், எங்ககிட்ட சொல்லணும்னு தோணல. பாட்டி அந்தக் கைய என் பாவாடையில தொடச்சாங்க, அதுதான் எனக்கு ஆறல.

தைப்பிங் அங்கிள்:
எனக்கும் ஒரு தடவ கோழி காணாம போச்சு, உடும்பு. அது கெடக்கட்டும். கட்டிப்பால் விசயத்துல ஒண்ணு சொல்றேன், தோட்டம் வச்சிருக்கவங்க கேட்டுக்குங்க. இப்ப விக்கிறதுக்கு மலேசிய ரப்பர் வாரியம் குடுக்குற பாட்-ஜி அனுமதி வேணும், வாங்குறவனுக்கும் லைசென்ஸ் வேணும், அதனால திருட்டுன்னா மொதல்ல காட்டுல காவல் காக்காம வாங்குற கடையப் போயி விசாரிங்க. மங்குல ஆசிட் ஊத்திச் சீக்கிரம் உறைய வச்சு சீக்கிரம் எடுத்துருங்க, ஊத்துறப்போ பார்மிக் ஆசிட் கண்ணுல படாமப் பாத்துக்குங்க, சல்பூரிக் மலிவுன்னு அத ஊத்தாதீங்க, ரப்பர் தரம் போயிரும், வெல குறைப்பான். வேலிக் கேட்டுக்கு சின்னப் பூட்டு போடாதீங்க. சிசிடிவி போடலாம், மழைக்கு மேல ஒரு தகரம் வச்சிருங்க. மருமவன் கடையில நல்ல பூட்டு இருக்கு, வேணும்னா கேளுங்க.

பழைய லயத்துப் பையன்:
அங்கிள், அந்தக் காலத்துல எங்க லயத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல கரண்டே கெடையாது, சிசிடிவிக்கு நான் எங்க போவேன். செம்பனைக்காரன் அண்ணே, கட்டிப்பால் சாக்கத் தோள்ல தூக்கியிருந்தா அந்த நாத்தம் குளிச்சாலும் போகாது, தூக்கிப் பாருங்க தெரியும். அதுக்குத்தான் பவுடர். மாமாவும் அன்னிக்கே ஒத்துக்கிட்டாரு, சம்பளத்துல புடிச்சாங்க. என்னைய ஒரு வார்த்தை திட்டல, சப்பாத்தையும் திருப்பிக் கேக்கல.

போன தீபாவளிக்குப் பாக்கப் போனேன். எழுபது தாண்டிருச்சு, இன்னும் அதே பவுடர். வாசல்ல சப்பாத்தக் கழட்டுறேன், ஈசிசேர்ல இருந்து குனிஞ்சு பாத்தாரு.

"புதுசா இருக்கே, யாருய்யா வாங்கிக் குடுத்தா?"