கொடை நோட்டீஸில் காணாமல் போன பெயர்கள்

பாளையங்கோட்டையில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வரும். சித்திரை பிறந்துவிட்டால் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, நோட்டீஸ்தான். கொடைச் செலவுக்கு வரி, அதாவது பங்குப் பணம், கொடுத்தவர் பெயர் நோட்டீஸில் வருவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. மும்பையில் கடை வைத்திருப்பவர்கூட தன் அப்பா பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பார்ப்பார்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊர், சுடலைமாட சுவாமி கோயில் கொடை. நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்து இருட்டும் தீப்பந்த வெளிச்சமும் நோட்டீஸிலேயே தெரியவேண்டும் என்று கேட்டார்கள். எனக்கும் ஆசைதான். போட்டோஷாப்பில் ஆர்ஜிபி (திரைக்கான கலர்) 0, 0, 0 என்று முழுக் கருப்பாகப் பின்னணியை நிரப்பி, கடைசியில் சிஎம்ஒய்கே (நாலு மை அச்சுக்கான கலர்) ஆக்கினேன். அந்தக் கருப்பு, மை சதவீதக் கணக்கில், சயான் 75, மெஜந்தா 68, எல்லோ 67, பிளாக் 90 என்று மாறியிருந்தது. கூட்டினால் 300. அந்தப் படத்தை கோரல் டிராவுக்குக் கொண்டுவந்து, இரண்டு ஓரமும் இடம் பற்றாததால் பிளாக் 100 மட்டும் வைத்துக் கருப்புப் பட்டை போட்டேன். திரையில் இரண்டும் ஒரே கருப்பு. படத்தின் மேல் 7 பாயிண்ட் வெள்ளை எழுத்தில் வரிதாரர் பெயர்கள்.

அச்சாகி வந்த கட்டைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. நடுவில் படம் கன்னங்கரேல் என்று இருக்கிறது, ஓரப் பட்டை வெயிலில் வெளுத்த குடைத்துணி மாதிரி இருக்கிறது. இரண்டும் சேரும் இடம் கோடு கிழித்தது போலத் தெரிகிறது. கருப்பு மை மட்டும் தனியாக விழுந்தால் தாளின் வெள்ளையை முழுதாக மூடாது. அடியில் சயானோ மற்ற கலரோ இருந்தால்தான் அந்த ஆழம் வரும்.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். பெயர்கள்தான் போய்விட்டன. வெள்ளை எழுத்து என்றால் அங்கே மை இல்லை, வெறும் தாள்தான். ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தகடு, அதுதான் பிளேட்; நாலு பிளேட்டும் அதே இடத்தில் ஓட்டை விடவேண்டும். ஒரு பிளேட் மயிரிழை தள்ளினாலும் ஓட்டைக்குள் மை வந்துவிடும். ஆங்கில எழுத்து கொஞ்சம் தாங்கும். நம் எழுத்தில் முதலில் போவது புள்ளி. ‘ன்’ இருந்த இடத்தில் ‘ன’ நிற்கும். அடுத்து ‘ண’வின் சுழி அடைத்துக்கொள்ளும். ஊருக்குக் கொண்டுபோனபோது ஒரு பெரியவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துத் தேடிவிட்டு, “எங்க ஐயா பேர எங்கடே காணும்?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. தாள் செலவை நான் ஏற்று உள்பக்கத்தை மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து மூன்று கருப்பை மூன்று வேலைக்கு வைத்திருக்கிறேன். கருப்பு எழுத்து என்றால் பிளாக் 100 மட்டும், ஓவர்பிரிண்ட் போட்டு, அதாவது அடியில் உள்ள கலரை வெட்டாமல் அதன் மேலேயே விழும்படி. பெரிய பின்னணி என்றால் சயான் 60, மெஜந்தா 40, எல்லோ 40, பிளாக் 100, மொத்தம் 240. போட்டோவுக்குள் இருக்கும் கருப்பு அதன் போக்கில் இருக்கட்டும். ஆனால் படத்தின் ஓரம் பின்னணியோடு சேர்கிற இடத்தில் இதே எண்கள் வரும்படி திருத்திவிடுவேன்.

பெரிய கருப்பின் மேல் சிறிய வெள்ளை எழுத்து தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு வழி உண்டு. எழுத்தை நகல் எடுத்து அடியில் வைத்து, அந்த நகலுக்கு பிளாக் 100 மட்டும் உள்ள அவுட்லைன் கொடுங்கள். அதற்கு ஓவர்பிரிண்ட் இருக்கக் கூடாது. அப்போது மற்ற மூன்று கலரும் எழுத்தை விட்டு ஒதுங்கி நிற்கும், கரையைக் கருப்பு பிளேட் ஒன்றே வெட்டும். ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகளின் பொருத்தம், கொஞ்சம் தள்ளினாலும் புள்ளி பிழைக்கும். 7 பாயிண்டை 9 ஆக்கி போல்டும் வைத்தால் இன்னும் நல்லது.

தென்காசியிலிருந்து

அண்ணாச்சி சொன்ன புள்ளி விஷயம் நூற்றுக்கு நூறு. எனக்கு நடந்தது பள்ளி ஆண்டு மலரில். ஆசிரியர்கள் வேர்டில் அடித்துக் கொடுத்த கட்டுரைகளை அப்படியே ஒட்டினேன். வேர்டில் இருந்து வரும் கருப்பு ஆர்ஜிபி கருப்பு. பிடிஎஃப் ஆகும்போது உள்பக்க எழுத்து எல்லாமே நாலு கலரில் போய்விட்டது. மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத தாளில் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பும் நீலமுமாக நிழல். பிள்ளைகள் படிக்கிற புத்தகம் அப்படி வந்ததில் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

இப்போது பைல் அனுப்பும் முன் அக்ரோபேட்டில் அவுட்புட் பிரிவ்யூ திறந்து பிளாக்கை மட்டும் அணைத்துப் பார்ப்பேன். கருப்பு எழுத்து மொத்தமும் மறைய வேண்டும். ஏதாவது வரி மங்கலாக நின்றால் அது நாலு கலர். இரண்டு நிமிட வேலைதான். அதே இடத்தில் டோட்டல் ஏரியா கவரேஜ் என்று ஒன்று இருக்கிறது, ஒரே இடத்தில் விழும் மொத்த மைக் கணக்கு. அதில் 300 என்று கொடுத்தால், மை அதற்கு மேல் போகிற இடத்தைத் தனி நிறத்தில் காட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக்கிய லோகோவில் ஓவர்பிரிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் அச்சில் லோகோவே வராது. முதலில் கருப்பாக இருந்ததை வெள்ளையாக மாற்றும்போது இது நடக்கும்.

மெஷின் பக்கத்திலிருந்து, திருநெல்வேலி

இருபது வருடமாக ஆஃப்செட் மெஷினில் நிற்கிறேன். டிசைன் செய்கிற தம்பிகள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்.

ரிஜிஸ்ட்ரேஷன் கலர் கட்டிங் மார்க்குக்கும் ரிஜிஸ்டர் மார்க்குக்கும் மட்டும்தான். நாலும் நூறு, மொத்தம் 400. அதைப் பின்னணிக்குப் போட்டு ஒரு காலண்டர் வேலை வந்தது, ஆர்ட் பேப்பரில், அதாவது பூச்சு உள்ள வழவழப்பான தாளில். ஆர்ட் பேப்பர் மேப்லித்தோ மாதிரி மையைக் குடிக்காது. கொஞ்சம் கோட்டிங்கில் இறங்கும், மீதி காற்றுப் பட்டுத்தான் இறுக வேண்டும். மை அத்தனை கனமாக இருந்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். அடுக்கின் பாரத்தில் அந்த மை மேல் தாளின் முதுகில் ஒட்டிவிட்டது. தாள் ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடரைக் கூட்டினேன், சின்னச் சின்ன அடுக்காகப் பிரித்து வைத்தேன். அப்படியும் அடித்தாள்கள் ஒன்றோடொன்று பிடித்து, பிரிக்கும்போது கிழிந்தன. ஐப்பசி அடைமழையில் இது இரட்டிப்பாகும்.

நான் கேட்பது இவ்வளவுதான். மொத்த மை ஆர்ட் பேப்பருக்கு அதிகபட்சம் 300, மேப்லித்தோவுக்கு 260, நாளிதழ்த் தாள் என்றால் 240. படம் அதற்கு மேல் போனால் ஆர்ஜிபி மூலப் படத்தை எடுத்து, போட்டோஷாப் கஸ்டம் சிஎம்ஒய்கேயில் டோட்டல் இங்க் லிமிட்டைக் குறைத்து மறுபடி மாற்றுங்கள். மாற்றி முடித்த படத்தில் கருப்பை மட்டும் இழுத்துக் குறைத்தால் இருட்டான இடமெல்லாம் வெளுத்துப் போகும்.

என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் எடை) என்று பைலோடு எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் “கருப்பு சரியா அண்ணே?” என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.