அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

மணி: அப்பாவுக்கு நாளைக்குக் காலைல மூளை எம்.ஆர்.ஐ. ரெண்டு கண்ணுலயும் கண்புரை ஆபரேஷன் பண்ணின லென்ஸ். இடது மேல் இமைல ஏதோ உலோகம் வச்சிருக்கு. எடுக்கலாமா, கவிதாக்கா?

கவிதா: லென்ஸ் பத்தி யோசிக்காத. இப்ப வைக்கிறது அக்ரிலிக், சிலிக்கோன், இல்லைன்னா பிஎம்எம்ஏங்கிற பிளாஸ்டிக். எம்.ஆர்.ஐ. மெஷினோட காந்தம் சீண்டாது. இமைல இருக்கிறது தங்கமா, ஸ்பிரிங்கான்னு பாரு. முகவாதத்துல கண் மூடலைன்னா ரெண்டுல ஒண்ணு வைப்பாங்க. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. காந்தம் பிடிக்கிற ஸ்டீல் கம்பில செஞ்ச ஸ்பிரிங்கா இருந்தா உள்ளயே விடமாட்டாங்க.

மணி: டிஸ்சார்ஜ் சம்மரில கோல்ட் வெயிட் 1.2 கிராம்னு போட்டிருக்கு.

ரேவதி சித்தி: பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த இமை மேல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடாதா?

செல்வம் மாமா: வேண்டவே வேண்டாம்மா. அது சில மில்லிடெஸ்லாதான் (டெஸ்லாங்கிறது காந்த பலத்தோட அளவு, மில்லின்னா அதுல ஆயிரத்துல ஒண்ணு). ஸ்கேன் மெஷின் 1.5 இல்லைன்னா 3 டெஸ்லா. இதுல ஒட்டலைங்கிறதால அதுல அசையாதுன்னு ஆகாது. மணி, அந்தச் சம்மரியையே கையோட எடுத்துட்டுப் போ. மாடல் நம்பர் ஸ்டிக்கர் இருந்தா இன்னும் நல்லது. வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க.

ரேவதி சித்தி: அப்ப தங்கச் சங்கிலியோட போலாமா? 😀

கவிதா: கழட்டணும் சித்தி. கொக்கிக்குள்ள ஸ்டீல் ஸ்பிரிங் இருக்கலாம். கண் மை, மஸ்காராவும் வேண்டாம். இரும்பு ஆக்சைடு கலந்திருந்தா கண் எரியும், படமும் கெடும்.

செல்வம் மாமா: கண்ணழுத்தத்துக்கு வைக்கிற ஐ-ஸ்டென்ட் டைட்டானியம், எக்ஸ்பிரஸ் ஷண்ட் 316எல் ஸ்டீல். ரெண்டும் "எம்ஆர் கண்டிஷனல்". அதாவது கார்டுல எழுதின டெஸ்லாவுக்குள்ள எடுக்கலாம். ஸ்டீல்னாலே பயப்பட வேண்டியதில்ல, கிரேடுதான் கணக்கு. விழித்திரைய அடிச்சு நிறுத்துற ஆணில காந்தம் பிடிக்கிற ஸ்டீல்லயும் ஒண்ணு வந்திருக்கு. அது இருந்தா கூடவே கூடாது.

கவிதா: மணி, என் கவலை இம்பிளான்ட் இல்ல. அப்பா லேத் வேலைதானே? "கண்ணுல உலோகத்தூள் பட்டதா"ன்னு படிவத்துல கேப்பாங்க. யோசிக்காம "இல்லை" டிக் அடிச்சிடாதீங்க. கண்ணுக்குள்ள போன இரும்புத் துகள் வலிக்காமயே வருஷக்கணக்கா கிடக்கும். காந்தம் இழுத்தா விழித்திரைய கிழிச்சிடும். 1986ல அமெரிக்காவுல பதிவான கேஸ்ல 2 × 3.5 மி.மீ. துகள், வெறும் 0.35 டெஸ்லா மெஷின், ஒரு கண் பார்வை போச்சு. அதோட, ஸ்கேன் ஓடலைன்னாலும் காந்தம் ஆன்லதான் இருக்கும். குழாய் வாய்கிட்டதான் இழுப்பு அதிகம், அதனால ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

மணி: கேட்டேன்க்கா. கிரைண்டிங்ல ஒரு தடவை பட்டுச்சாம். தண்ணி விட்டுக் கழுவிட்டு விட்டுட்டாராம். டாக்டர்கிட்ட போகலையாம்.

கவிதா: பாத்தியா! அப்ப முதல்ல கண்ணுக்குழி எக்ஸ்ரே. ரெண்டு படம் கேளு: மேல பாத்து ஒண்ணு, கீழ பாத்து ஒண்ணு. புள்ளி இடம் மாறுச்சுன்னா அது கண் உருண்டைக்குள்ள இருக்குன்னு அர்த்தம். சந்தேகம்னா மெல்லிய ஸ்லைஸ்ல சி.டி.

செல்வம் மாமா: எக்ஸ்ரேல தங்கத் துண்டு பளிச்னு வெள்ளையா தெரியும், துகள்னு நினைச்சுடப் போறாங்க. முன்கூட்டியே சொல்லிடு.

மணி: தங்கத்தால எம்.ஆர்.ஐ. படம் கெடுமா மாமா?

கவிதா: நான் சொல்றேன். இடது கண் முன்பக்கம் கொஞ்சம் கறுப்பா ஓட்டை விழும், டிஃப்யூஷன்னு எம்.ஆர்.ஐ.லயே எடுக்கிற ஒரு வகைப் படத்துல அந்த இடம் நெளியும். மூளை தெளிவாவே வரும். கண்ணையே பாக்கணும்னாதான் 1.5 டெஸ்லா, ஸ்டிர் சீக்வென்ஸ், பேண்ட்விட்த் கூட்டுறதுன்னு, உலோகத்தால படம் கெடாம இருக்க செட்டிங் மாத்தி மெனக்கெடணும். நீ 8 மணிக்கே கிளம்பு, எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்தப்புறம்தான் எம்.ஆர்.ஐ. டோக்கன் போடணும்.

மணி: சரிக்கா 🙏