டெக்னோசிக்னேச்சர்: கையொப்பமா, தடயமா, வினைத்தடமா?

வணக்கம் நண்பர்களே,

பத்து நாளாக இந்த இழையில் வந்த ஒவ்வொரு மடலையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சென்னிமலை, பெருந்துறைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து போடும் வானியல் சிறுநூல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்களைத் தேடுவது பற்றிய பாடம் மட்டும் இந்த ஒரு சொல்லுக்காக நிற்கிறது. வேறொரு கோளில் யாரோ தொழில்நுட்பத்தைக் கையாள்கிறார்கள் என்று தொலைவிலிருந்தே காட்டிக்கொடுக்கும் அடையாளத்துக்கு ஆங்கிலத்தில் டெக்னோசிக்னேச்சர் என்று பெயர்; அதற்குத்தான் இந்த இழையில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். டெக்னோசிக்னேச்சர் என்று தமிழ் எழுத்திலேயே போட்டுவிடலாம்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடும். அதற்கு என்ன பொருள் என்று திருப்பிக் கேட்டால் முழிக்கும். அதனால்தான் இவ்வளவு மல்லுக்கட்டு.

வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> சிக்னேச்சர் என்றால் கையொப்பம். "தொழில்நுட்பக் கையொப்பம்" என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

ஐயா, கையொப்பத்தை ஒருவர் வேண்டுமென்றே போடுகிறார். பத்திரத்தைப் படித்து, சம்மதித்து, "இது நான்தான்" என்று சொல்லிப் போடுவது அது. வானியலார் தேடுவதில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் கொண்ட செய்தி ஒன்றை அனுப்பினார்களே, அதைக் கையொப்பம் என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் 1960-இல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் சொன்னதைப் பாருங்கள். ஒரு சமூகம் தன் விண்மீனின் ஆற்றலை எவ்வளவுதான் பிடித்துப் பயன்படுத்தினாலும், கடைசியில் அது வெப்பமாக வெளியேறியே ஆக வேண்டும், ஆகவே அகச்சிவப்பில் தேடிப் பாருங்கள் என்றார். அந்த வெப்பத்தை யாரும் நமக்காக அனுப்பவில்லை. வேலை நடந்தது, வெப்பம் கசிந்தது, அவ்வளவுதான்.

நம் ஆற்றை வைத்தே சொல்கிறேன். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில் நொய்யலைக் கடப்போம். தண்ணீர் ஒரு நாள் கருநீலம், ஒரு நாள் ரத்தச் சிவப்பு. மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகளில் அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறது என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடுவோம். பட்டறையையும் பார்த்ததில்லை, அங்கே வேலை செய்தவர்களையும் பார்த்ததில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, கீழே எத்தனை கிணறு உப்பாகிப் போனது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்துக் கிணறும் அதில் ஒன்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் வரை ஆறு இப்படித்தான் ஓடியது. அந்த நிறத்தைத் திருப்பூரின் கையொப்பம் என்று யாராவது சொல்வோமா? கையெழுத்துப் போட யாரும் அதை ஆற்றில் விடவில்லை. ஆனால் அந்த நிறம் பொய் சொல்லாது. மேலே தொழில் நடக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதும் இல்லை.

வேறொரு கோளின் வளிமண்டலத்தில் குளோரோபுளூரோகார்பனைத் தேடலாம் என்று 2014-இல் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நொய்யல்தான். நம் பழைய குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த அந்த வாயுக்களை எரிமலையும் கக்காது, கடலும் கக்காது. ஒரு கோளின் காற்றில் அவை கணிசமாக இருந்தால், அங்கே யாரோ பட்டறை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

> அறிவைத்தானே தேடுகிறோம்? "அறிவுத்தடம்" என்று வைத்தால் சுருக்கமாக இருக்குமே, அண்ணா.

தம்பி, ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு தடை சொல்கிறேன். ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. தொல்காப்பிய மரபியலில் புல்லுக்கும் மரத்துக்குமே ஓரறிவு உண்டு. அந்தக் கணக்கில் உயிர் என்றாலே அறிவு வந்துவிடுகிறது. அப்புறம் அறிவுத்தடத்துக்கும், உயிர் இருப்பதைக் காட்டும் உயிர்த்தடத்துக்கும் (பயோசிக்னேச்சர்) என்ன வேறுபாடு மிஞ்சும்?

மற்றது வானியலுக்குள் இருப்பது. 1959-இல் கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஹைட்ரஜனின் 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வானியலார் ஃப்ராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களின் பக்கம் திருப்பிக் கேட்டார். பின்னாளில் இதற்கு "அறிவைத் தேடுதல்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் எந்தத் தொலைநோக்கியாலும் அறிவைப் பார்க்க முடியாது. திமிங்கிலத்துக்கு அறிவு உண்டு; அதை ஒளியாண்டுத் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. அந்தத் தொலைவிலிருந்து கண்ணுக்குப் படுவது, அறிவு கொண்டு செய்த வேலை மட்டும்தான். இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்வதற்காகத்தான் வானியலார் ஜில் டார்ட்டர் டெக்னோசிக்னேச்சர் என்ற சொல்லையே கொண்டுவந்தார். அறிவு என்பதை விலக்குவதற்காகப் பிறந்த சொல்லுக்குள் நாம் மறுபடி அறிவைக் கொண்டுவந்து வைத்தால், அவர் செய்த வேலை வீணாகிவிடும்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்வது சிரமம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறை அவர்களை ஊட்டி வானொலித் தொலைநோக்கிக்குக் கூட்டிப் போனோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவோடு சரிவாகக் கிடக்கிறது. அந்தச் சரிவு ஊட்டியின் அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமம் என்பதால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே பக்கமாகச் சுழற்றினாலே வானத்தைத் தொடரலாம். 1970-இல் இதற்காகவே மலையைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அங்கே நின்றுகொண்டு ஒரு பெண் கேட்டாள்: "வானத்துல எப்பவும் இரைச்சல் வருதுங்கறீங்க. அதுல யாரோ செஞ்ச சத்தம் எதுன்னு எப்படிங்க சார் தெரியும்?"

அவள் வீட்டில் தறிகுடோன் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்டேன்: "மழை அடிச்சு ஊத்தும்போது தறி ஓடறது உனக்குக் கேட்குமா கேட்காதா?" கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "கேட்குமுங்க. மழை அப்படியே பரவலா இரையும். தறி மட்டும் ஒரே மாதிரி அடிக்கும்." இதற்கு மேல் நான் என்ன விளக்குவது? விண்மீனும் வாயு மேகமும் அலைவெண்ணில் மழை மாதிரிப் பரவி இரைகின்றன. இயற்கையில் மிகக் குறுகலானவை மேசர்கள், அதாவது வாயு மேகங்களில் தானாகவே பெருகி வரும் நுண்ணலைகள். அவையே சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். ஒரே ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்று வந்தால் அது தறி. அந்தப் பெண் அறிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தறி ஓடுவதைப் பற்றித்தான் பேசினாள்.

சரி, "தொழில்நுட்பம்" என்றே வைத்தால் என்ன? "தொழில்நுட்பத்தடம்" பொருளில் பிசகில்லை, ஆனால் நீளம். ஒரு பத்தியில் ஆறு முறை வர வேண்டிய சொல் இது. "நுட்பத்தடம்" என்று வெட்டினால் நுண்மையான தடம் என்று படிக்கிறது. "கைவினைத்தடம்" என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவர்களுக்குக் கை இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? இல்லாத கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வினை. நான் முன்வைக்கும் சொல் அதுதான்: வினைத்தடம்.

இந்த வினையை நான் அகராதியில் எடுக்கவில்லை. கொடுமணலில் எடுத்தேன். நொய்யலின் வடகரையில், எங்கள் ஊரிலிருந்து வண்டியில் அரை மணி நேரம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலை, மணி கோக்கத் துளையிட்ட கற்கள், பாதி செய்து கைவிட்ட மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பக்கத்துப் படியூரில் பெரில் கல் கிடைக்கும். பதிற்றுப்பத்தில் அரிசில் கிழார் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பாடுவது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர் கருத்து. வினைமாண் என்றால் வேலைப்பாட்டில் சிறந்த. வினை என்ற சொல் தொழில்நுட்பத்தைக் குறித்து நம் மண்ணிலேயே, நம் ஊர்ச் சரக்கின் மேலேயே ஒட்டிக் கிடக்கிறது.

அந்தக் காட்டில் ஒருமுறை உழவு முடிந்த பிறகு நடந்தேன். செம்மண்ணில் கறுப்பாக ஒரு கட்டி கிடந்தது. உள்ளங்கை அளவுதான், தூக்கினால் அளவுக்கு மீறிய கனம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, உடைந்த பக்கத்தில் ஊசி குத்திய மாதிரிச் சிறு சிறு ஓட்டைகள். இரும்பு உருக்கிய கசடு. கொதித்த காற்று வெளியே போன ஓட்டைகள் அவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் வேண்டாம் என்று தள்ளிவிட்ட கழிவு. அதைத் தள்ளியவருக்கு என்னைப் பற்றி எந்த நினைப்பும் இருந்திருக்காது. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன். வினைத்தடம் என்று சொல்லும்போது என் மனதில் இருப்பது அந்தக் கட்டி.

இனி எதிர்ப்புகள்.

> வினை என்றால் ஊரில் செய்வினை, ஊழ்வினைதான் நினைவுக்கு வரும். வேதியியலில் வேறு பொருள், இலக்கணத்தில் வேறு பொருள்.

உண்மைதான், அக்கா. ஆனால் வேதிவினை, வினையூக்கி, வினைச்சொல், கைவினைஞர் எல்லாவற்றையும் ஒரே பிள்ளை ஒரே நாளில் அடுத்தடுத்த பாடவேளையில் படிக்கிறது, குழம்புவதில்லை. கூட்டுச்சொல்லில் பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைப் பிடித்து நிறுத்திவிடும். வேதியியல்காரர்களுக்கு ஒரு வாக்கு: வேதிவினையின் தடயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் "வேதி" என்பதை விடாமல் எழுதிவிடுவோம்.

> தடயம் என்றே வைக்கலாமே, செய்தித்தாளில் எல்லாருக்கும் பழகிய சொல்.

பழகியது காவல் நிலையத்தில். தடயம் என்றதும் குற்றமும் குற்றவாளியும் வந்துவிடும். கிடைத்ததுமே பாதி நிரூபணம் ஆன மாதிரி ஒரு தோரணையும் வரும். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோவின் "பெரிய காது" தொலைநோக்கியில் 72 நொடி வந்து போன அந்தப் பேர்பெற்ற "வாவ்" குறிப்பலை அதன் பின் திரும்பக் கேட்கவே இல்லை. அதைத் தடயம் என்றால் மிகை. இன்னும் ஆராயப்பட வேண்டிய தடம் என்றால் சரியாக நிற்கிறது.

காங்கேயத்து அண்ணன் ஒருவர் தனிமடலில் கேட்டது: "நம்ம பக்கம் தடம்னா வழியாச்சே. இந்தத் தடத்துல போனா ஊர் வருமான்னுதானே கேட்போம்?" ஆமாங்க அண்ணா. எங்கள் அப்புச்சி தோட்டத்துக்குப் போகும் இட்டேரியைக் கடைசி வரை வண்டித்தடம் என்றுதான் சொல்வார். அதை யாரும் வெட்டிப் போடவில்லை. வண்டி போய்ப் போய் விழுந்த இரண்டு பள்ளம், நடுவில் புல். அந்தப் பள்ளம் சுவடாகவும் இருந்தது, வழியாகவும் இருந்தது. எனவே உங்கள் எதிர்ப்பை இந்தச் சொல்லுக்கு ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். "புறக்கோள்களின் வளிமண்டலத்தில் உயிர்த்தடங்களோடு வினைத்தடங்களையும் தேடுகிறார்கள்." "குறுகிய அலைப்பட்டை வினைத்தடம் எதுவும் இதுவரை உறுதியாகவில்லை." வாய்விட்டுப் படித்தால் எங்கும் தட்டவில்லை. பயோசிக்னேச்சருக்கு உயிர்த்தடம் என்பதும் கூடவே அமைந்துவிடுகிறது.

மிச்சம் ஒரு சொல் இருக்கிறது: நம் கருவிகளே எழுப்பி நம்மையே குழப்பும் குறிப்பலைக்கு என்ன பெயர் வைப்பது? 2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா செண்டாரியின் திசையில் 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறிப்பலை பதிவானது. 2021-இல் ஆராய்ந்து முடித்தபோது நம் மின்னணுக் கருவிகளின் இடையூறுதான் அது என்று தெரிந்தது. அதே பார்க்ஸில் பல ஆண்டுகள் குழப்பிய வேறு சில துடிப்புகளுக்குக் காரணம், நிற்கும் முன்பே யாரோ கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பு என்பது 2015-இல் வெளிப்பட்டது. இவையும் வினைத்தடங்கள்தான், நம்முடைய வினை. "போலித்தடம்" என்றால் யாரோ ஏமாற்றிய மாதிரி இருக்கிறது. ஏமாற்றியவர் யாரும் இல்லை. "தன்வினைத்தடம்" என்று எழுதிப் பார்த்தேன், இலக்கணத் தன்வினையோடு போய் இடிக்கிறது. பாடத்தின் கடைசிப் பத்திக்கு இது வேண்டும். தோன்றினால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.