மறு: லைம்குவாட்டுக்கு தமிழ்ல என்ன பேரு? (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். ஜாம், ஊறுகாய் கிளாஸுக்கு ஒரு கையேடு தமிழாக்கிட்டு இருக்கேன், காலைல அச்சுக்கு போகணும், லைம்குவாட்டுங்கிற பழத்துல மாட்டிக்கிட்டு நிக்கேன். 1909-ல அமெரிக்காவுல வால்டர் ஸ்விங்கிள் உண்டாக்குனது, நம்ம எலுமிச்சை மாதிரி சின்ன லைமையும், குட்டி ஆரஞ்சு மாதிரி இருக்குற கும்குவாட்டையும் சேர்த்து. தோலோட திங்கலாம், தோல் இனிப்பு, உள்ள புளிப்பு. தோலோட மெலிசா அரிஞ்சு, வெதைய துணியில முடிஞ்சு கூடவே கொதிக்க விட்டா மார்மலேட் நல்லா இறுகும். 'ஒட்டு எலுமிச்சை'ன்னு போட்டுரவா?
– அம்பை டீச்சர்

ஒட்டு வேண்டாம்மா. ஒட்டுன்னா நர்சரியில கிளைய கீறி கட்டுறது, இது மகரந்தம் மாத்தி பிறந்தது. கும்குவாட்டே கன்டோனீஸ் சொல்லு, தங்க ஆரஞ்சுன்னு அர்த்தம். ஆரஞ்சு எங்கேருந்து வந்துச்சு? நம்ம நாரத்தை, நாரங்கம்தான் அரபிக்காரன் வாயில நாரஞ்சாகி ஸ்பெயினையும் தாண்டிப் போய் முதல்ல இருந்த 'ந' எழுத்த தொலைச்சு திரும்பி வந்துருக்கு. கொழிஞ்சின்னாலும் ஆரஞ்சு வகைதான், அதனால குறுங்கொழிஞ்சி.
– பாளை அண்ணாச்சி

அண்ணாச்சி, கொழிஞ்சின்னா எங்க பக்கம் வயல்ல மிதிச்சு உரமாக்குற செடில்லா. கிளாஸ் பிள்ளைங்க அந்த செடிய அரிஞ்சு மார்மலேட் போட்டா யாரு பொறுப்பு? புளியங்குடி சந்தையில போய் குறுங்கொழிஞ்சி ஒரு கிலோன்னு கேட்டுப் பாருங்க. லைம்குவாட்னே இருக்கட்டும்.
– கடையத்துக்காரன்

தேமாவும் புளிமாவும் ஒரே பழத்துல இருக்கு. தேன் கூட்டல் புளி. தேன் முன்னால வல்லினம் வந்தா இயல்பாவும் நிக்கும், ஈறு போய் வலியும் மிகும், மெலியும் மிகும்னு நன்னூல் சொல்லுது, ஆக தேன்புளி, தேப்புளி, தேம்புளி மூணும் சரி.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, மூணையுமா அச்சடிக்க? புளின்னா கடைக்காரர் புளிய நிறுத்துக் குடுத்துருவாரே.
– அம்பை டீச்சர்

பேரு கிடக்கட்டும், இத சொதியில பிழியலாமா? அடுப்ப அணைச்சுட்டுத்தான் பிழியணும், இல்லன்னா தேங்காப்பால் திரிஞ்சிரும். எங்க ஆச்சி நாரத்தங்காய சுருள் சுருளா அறுத்து உப்பு திணிச்சு வெயில்ல போடுவா, பழையதுக்கு அத நக்கிக்கிட்டே ரெண்டு கும்பா இறங்கும். இந்த சுண்டக்கா சைஸ் பழத்த எங்கன சுருளா அறுக்க?
– தென்காசி

மணி பதினொண்ணு. தலைப்புல லைம்குவாட், கீழ தேனெலுமிச்சை. நாலு பேரு சரின்னுட்டாங்க, அனுப்பிட்டேன்.
– அம்பை டீச்சர்

தேன் ஊத்துன சர்பத்துன்னுல்லா நினைப்பாவ. குறுங்கொழிஞ்சிய அடிக்குறிப்புலயாவது போடச் சொல்லும்மா, அச்சகத்துல காலைல ஒம்போதுக்குத்தான தொறப்பான்.
– பாளை அண்ணாச்சி