சந்தூர் வீட்டுக் குழு: கப்பலோடு நிற்பதா, காட்டுக்கும் போவதா

வெள்ளிக்கிழமை

கார்த்தி: அப்பா, அம்மா, இந்த முறை நீங்கள் சியாட்டில் வரும்போது அலாஸ்கா கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். இங்கேயே ஏறி, ஏழு இரவு சுற்றிவிட்டு இங்கேயே வந்து இறங்குவது. ஜூன் கடைசியில் போட்டால் பசங்களுக்கும் லீவு. நீங்கள் சரி என்றால் இந்த வாரமே புக் செய்துவிடுவேன்.

வசந்தா: எனக்குச் சம்மதம் கண்ணு. அப்பாவைக் கேள்.

சண்முகம்: ஜூனில் எப்படிப்பா? பெங்களூரா மாங்காய் அப்போதுதான் முற்றி வரும். கூழ் பேக்டரிக்கு லோடு அனுப்பி, கணக்கு முடிக்க ஜூலை கடைசி ஆகிவிடும். அதுவரை தோப்பை விட்டு நகர முடியாது.

தேவி: அப்பா சொல்வது சரிதான். ஆகஸ்டில் போனால் ஆகாதா?

கார்த்தி: ஆகும். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே சீசன். ஆனால் ஆகஸ்டில் மழை கொஞ்சம் கூடும் என்கிறார்கள்.

சுமதி: கார்த்தி, ஆகஸ்டுக்கே போடு. நானும் மகளும் போனது ஆகஸ்ட் பிற்பாதியில்தான். மழை உண்டு, மறுக்கவில்லை. கெச்சிக்கன் என்று ஓர் ஊர் வரும், ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். அங்கே குடை பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். ஆனால் ஜூனில் உயிரை எடுக்கும் கொசு ஆகஸ்ட் கடைசியில் வெகுவாகக் குறைந்துவிடும். கரையை விட்டு உள்ளே போனால் மலைச்சரிவெல்லாம் செக்கச்செவேல் என்று மாறத் தொடங்கும். மாமாவின் தோப்பு வேலையும் கெடாது.

சுமதி: இன்னொன்று. கப்பலோடு முடித்துக்கொள்ளாதே. உள்ளே தரை வழியாகப் பஸ்ஸில் கூட்டிப்போகும் பயணத்தையும் சேர்த்துப் போடு. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

கார்த்தி: அதையும் பார்த்தேன் சித்தி. இன்னும் அஞ்சாறு நாள் கூடுகிறது. அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. கப்பல் என்றால் ஒரே அறை, சாப்பாடு பக்கத்திலேயே. பஸ்ஸில் அலைய வைக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன்.

சண்முகம்: கப்பலே போதும் சுமதி. பஸ்ஸில் போவதற்கு அமெரிக்கா வரைக்கும் எதற்கு?

சுமதி: மாமா, கப்பல் காட்டுவது கரையோரத்தை மட்டும்தான். பனிப்பாறை, மீன்பிடி ஊர், கடலை ஒட்டிய மலை, எல்லாமே அழகு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கரடி, காட்டுமான், ஆளே இல்லாத பெரிய வெளி, வட அமெரிக்காவிலேயே உயரமான மலை (6,190 மீட்டர்), இதெல்லாம் உள்ளே டெனாலி தேசியப் பூங்காவில் இருக்கிறது. கப்பல் அங்கே போகாது. அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு கேட்காது.

பிரபு: சித்தி, அந்தப் பூங்காவுக்குள் நம் காரில் போக முடியாதா? கார்த்தி வாடகைக் கார் எடுத்தால் பெரியப்பா இஷ்டம் போல நிறுத்தி நிறுத்திப் போகலாமே.

சுமதி: முடியாது பிரபு. பூங்காவுக்குள் ஒரே ஒரு சாலை, 92 மைல். கோடையில் சொந்த வண்டிக்கு முதல் 15 மைல் மட்டும்தான் அனுமதி. அதற்கு மேல் பூங்காவின் பஸ்தான். வண்டி கூடினால் விலங்கு சாலைப் பக்கமே வராது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

சண்முகம்: பஸ்ஸிலிருந்து விலங்கு தெரியுமா? இல்லை, எங்கோ புள்ளியாக இருப்பதைக் காட்டி ‘அதோ’ என்பார்களா?

சுமதி: இரண்டும் உண்டு மாமா. யார் கண்ணில் பட்டாலும் ‘ஸ்டாப்’ என்று குரல் கொடுக்கலாம், டிரைவர் நிறுத்துவார். எங்கள் பஸ்ஸில் பின் சீட்டில் இருந்த சின்னப் பையன்தான் முதலில் பார்த்தான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, யாரும் சத்தம் போட வேண்டாம், கையை வெளியே நீட்ட வேண்டாம் என்றார். சரிவில் ஒரு கரடி, தோளில் திமிலோடு, காட்டு புளூபெர்ரி தின்றுகொண்டிருந்தது. பறித்துத் தின்னவில்லை. செடியை வாயால் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்து, இலையோடு உருவித் தின்றது. மூக்கெல்லாம் கறை. முன்கால் நகம் என் விரல் நீளம் இருக்கும், மண் ஒட்டியிருந்தது. எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது, மறுபடி தின்னப் போய்விட்டது. குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் உடம்பு ஏற்ற வேண்டுமே, அதற்கு நம்மைப் பார்க்க ஏது நேரம்? பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தோம், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

தேவி: படிக்கும்போதே சிலிர்க்கிறது சித்தி.

சண்முகம்: பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போது யானை நின்றால் நம் பஸ் லைட்டை அணைத்துவிட்டு நிற்குமே, அந்த மாதிரி.

சுமதி: அதேதான் மாமா. காட்டோரத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்த இடம் கட்டாயம் பிடிக்கும்.

வசந்தா: அந்தப் பெரிய மலை தெரிந்ததா?

சுமதி: ஒரு நாள் காலையில் கொஞ்ச நேரம் தெரிந்தது அக்கா. வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரியும் என்கிறார்கள். மலையே தனக்கு மேகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால்தான் டெனாலியில் ஒரு இரவோடு கிளம்பக் கூடாது, இரண்டு இரவாவது வேண்டும். ஒரு இரவு மட்டும் என்று சில பேக்கேஜ் மலிவாகத் தெரியும். மாலையில் போய் இறங்கி மறுநாள் கிளம்பினால் பார்க்கிங்கைத்தான் பார்ப்போம். கார்த்தி, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

கார்த்தி: குறித்துக்கொண்டேன் சித்தி.

பிரபு: இப்போது நெட்டில் பார்த்தேன். 2021 ஆகஸ்டில் நிலச்சரிவால் பூங்காச் சாலையை நடுவில் மூடியிருக்கிறார்கள். பஸ் 43-வது மைல் வரை போய்த் திரும்புகிறதாம். அங்கே பாலம் கட்டுகிறார்கள்.

சுமதி: ஆமாம். நாங்களும் அதுவரைதான் போனோம். உறைந்த மண் உருகி மலைச்சரிவே நகர்கிறது என்று டிரைவர் விளக்கினார். அதுவரை போனதற்கே மனசு நிறைந்துவிட்டது. கார்த்தி, புக் செய்யும்போது எந்த மைல் வரை போகும், எத்தனை மணி நேரம் என்று பார்த்துக்கொள். பூங்கா பஸ்ஸுக்குள் கழிப்பறை கிடையாது, நடுவில் நிறுத்தும் இடத்தில்தான். ஊர் விட்டு ஊர் போகும் பெரிய டூரிஸ்ட் பஸ் வேறு, அதில் கழிப்பறை உண்டு.

சனிக்கிழமை

கார்த்தி: நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வழி இருக்கிறது. முதலில் கப்பல், பிறகு பஸ். அல்லது முதலில் பஸ், பிறகு கப்பல். விலை பெரிய வித்தியாசம் இல்லை. எது நல்லது சித்தி?

சுமதி: முதலில் பஸ். யோசிக்கவே வேண்டாம். பஸ் பயணத்தில் விடிகாலையில் எழுந்து பெட்டி கட்டி வாசலில் வைக்க வேண்டும், இரண்டு நாளுக்கு ஒரு ஊர் மாறும். அந்த அலுப்பெல்லாம் முதலில் போகட்டும். அப்புறம் கப்பல் ஏறினால் துணியை ஒருமுறை அலமாரியில் அடுக்கிவிட்டு, ஏழு நாளும் அக்கா காலை நீட்டி உட்காரலாம். கப்பலில் சொகுசாக இருந்துவிட்டு வந்து பஸ்ஸுக்கு ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க உடம்பு ஒத்துழைக்காது. எங்களோடு அப்படி வந்தவர்கள் பாதிப் பேர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தார்கள்.

கார்த்தி: அப்படியென்றால் சியாட்டிலிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்கு விமானம். அங்கிருந்து பஸ்ஸில் டெனாலி, சுமார் 195 கிலோமீட்டர். டெனாலியில் இரண்டு இரவு. பிறகு டால்கீட்னா, ஆங்கரேஜ், கடைசியில் விட்டியர் துறைமுகம். அங்கே கப்பல் ஏறி ஏழு இரவில் வான்கூவர். வான்கூவரிலிருந்து வீட்டுக்குக் காரில் வந்துவிடலாம்.

சண்முகம்: வான்கூவர் கனடா இல்லையா? நேராகச் சியாட்டிலிலேயே இறக்கிவிட மாட்டானா?

பிரபு: அதற்கு ஒரு பழைய சட்டம் இருக்கிறது பெரியப்பா. 1886-இல் போட்டது. வெளிநாட்டில் பதிவான கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் நேராக இறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்கள் எல்லாமே வெளிநாட்டுப் பதிவுதான். அதனால்தான் ஒருவழிப் பயணம் வான்கூவரில் தொடங்குகிறது, இல்லையென்றால் அங்கே முடிகிறது.

தேவி: அப்போது அப்பா அம்மாவுக்குக் கனடா விசாவும் வேண்டும். அமெரிக்க விசா மட்டும் போதாது. இதை முதலில் கவனியுங்கள்.

பிரபு: நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா. கைரேகை பெங்களூரிலேயே கொடுக்கலாம். ஓசூர் வரை பெரியப்பா வந்துவிட்டால் அங்கிருந்து நான் கூட்டிப்போகிறேன்.

வசந்தா: எனக்கு ஒகேனக்கல் பரிசலிலேயே தலை சுற்றும். ஏழு நாள் கடலில் எப்படி?

சுமதி: பயப்படாதே அக்கா. வழியில் பாதிக்கு மேல் தீவுகளுக்கு நடுவே போகும், தண்ணீர் ஆடாமல் நிற்கும். விட்டியரிலிருந்து கிளம்பிய பிறகு அலாஸ்கா வளைகுடா என்று திறந்த கடல் ஒன்று வரும், அங்கேதான் கொஞ்சம் ஆட்டம். கார்த்தி, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேள். அங்கே ஆட்டம் குறைவாகத் தெரியும்.

தேவி: வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று டாக்டரிடம் கேட்டு நான் வாங்கி வைக்கிறேன். மாத்திரை, டாக்டர் சீட்டு இரண்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள் அம்மா. அப்புறம் கார்த்தி, இன்சூரன்ஸ் எடுக்கும்போது கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று படித்துப் பார். கப்பல் டாக்டரும் சும்மா பார்க்க மாட்டார், பில் வரும்.

கார்த்தி: சரி அக்கா. அதைத் தனியாகவே எடுத்துவிடுகிறேன்.

வசந்தா: சாப்பாடு?

சுமதி: கப்பலில் சைவம் உண்டு. முதல் நாளே சொல்லிவிட்டால் பருப்பு, காய், சோறு செய்து தருகிறார்கள். காரம்தான் இருக்காது. அறையில் குக்கர், கெட்டில் எதுவும் வைக்க விடமாட்டார்கள், ஏறும்போதே பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். பருப்புப்பொடி, பூண்டுத் தொக்கு கடைப் பாக்கெட்டாக எடுத்துக்கொள், விமான நிலையத்தில் மறைக்காமல் எழுதிக் கொடு. பஸ் பயணத்தில்தான் சைவத்துக்குத் திண்டாட்டம். சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு என்று ஓட்ட வேண்டும். அங்கேதான் தொக்கு உதவும்.

சண்முகம்: பேரனுக்கு நம் தோப்பு மாம்பழம் நாலு கொண்டுபோகலாமா?

கார்த்தி: பழம் விடமாட்டார்கள் அப்பா. கறிவேப்பிலைகூடக் கூடாது. நீங்கள் வந்தால் போதும்.

வசந்தா: குளிர் எப்படி இருக்கும்? சேலையில் சமாளிக்கலாமா?

சுமதி: சேலையே கட்டலாம், உள்ளே தெர்மல் போட்டுக்கொள். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. ஒரே தடிமனான கோட்டு வேண்டாம். பஸ்ஸுக்குள் வேர்க்கும், இறங்கினால் நடுங்கும், கழற்றி மாட்ட வசதியாக இருக்க வேண்டும். அக்கா, ஷூ மட்டும் இங்கேயே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழகிக்கொள்.

சண்முகம்: அந்த விட்டியர் என்று சொன்னீர்களே, மலைக்குள் குகை வழியாகப் போக வேண்டும் என்று டிவியில் பார்த்தேன்.

சுமதி: ஆமாம் மாமா, 4 கிலோமீட்டர் சுரங்கம். ஒரே ஒரு பாதை. ரயிலும் அதில்தான், பஸ்ஸும் அதே தண்டவாளத்தின் மேல்தான். ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் விடுவார்கள், வரிசையில் நின்றுதான் போக வேண்டும். வெளியே வந்ததும் எதிரே கப்பல்.

பிரபு: எல்லாக் கப்பலும் கிளேசியர் பே என்கிற பனிப்பாறை வளைகுடாவுக்குப் போகுமா?

சுமதி: போகாது. நல்ல கேள்வி கேட்டாய். அது தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. கார்த்தி, பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் புக் செய். 1794-இல் அந்த வளைகுடா முழுக்கப் பனி அடைத்திருந்ததாம். இப்போது 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. பூங்கா ரேஞ்சர் படகில் வந்து கப்பலில் ஏறி, மைக்கில் எல்லாம் சொல்வார். மார்ஜரி என்ற பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் வெகுநேரம் அசையாமல் நிற்கும். முகப்பில் நீல நிறமாக ஒரு விரிசல் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம், அந்த ஓரம் அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அன்று மட்டும் சோம்பல் பார்க்காமல் காலையிலேயே மேல்தளத்துக்குப் போய்விடுங்கள்.

சண்முகம்: சரி கார்த்தி. பஸ்ஸையும் சேர்த்தே போடு. சுமதி இவ்வளவு சொல்கிறாள், அந்தக் கரடியை நானும் பார்க்க வேண்டும்.

வசந்தா: அப்பாடா!

கார்த்தி: ரொம்ப சந்தோஷம் அப்பா. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் ஃபேர்பேங்க்ஸில் தொடங்கலாமா? செப்டம்பர் முதல் வாரம் பசங்களுக்கு ஸ்கூல், அதற்குள் வந்துவிடலாம்.

சுமதி: அருமை. ஆகஸ்ட் 21 வாக்கில் அங்கே வடதுருவ ஒளி தெரியும் பருவம் தொடங்கும். ஜூனில் போயிருந்தால் இரவே இருட்டாது, எங்கே பார்ப்பது? ஹோட்டல் கவுண்டரில் ராத்திரி எழுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஒளி தெரிந்தால் போன் செய்வார்கள்.

சண்முகம்: ஒரு விஷயம்தான் பாக்கி. அறுவடை முடிந்ததும் மரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். ஆகஸ்டில் ஆள் நின்று பார்க்காவிட்டால் கண்டபடி வெட்டிவிடுவார்கள்.

பிரபு: வார லீவில் நான் வந்து நிற்கிறேன் பெரியப்பா. எந்தக் கிளை, எவ்வளவு என்று கிளம்பும் முன் சுண்ணாம்பு அடித்துக் காட்டிவிடுங்கள்.

சண்முகம்: நல்லது பிரபு. ஞாயிறு காலை வா, பாஸ்போர்ட்டும் எடுத்து வைக்கிறேன்.