புதுப்பிப்பு: செயற்கை நுண்ணறிவின் உதவியை ஆய்வுக் கட்டுரையில் எங்கே குறிப்பிடுவது?

சாட்ஜிபிடி கொண்டு ஆங்கில நடையைத் திருத்தியதைச் சொல்லாமல் விட்டதால் என் மருத்துவக் கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. திருத்திய கட்டுரை நேற்று ஏற்கப்பட்டது.

கைகொடுத்தது, மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023 மே மாதம் திருத்திய பரிந்துரைகளைப் படிக்கச் சொன்னவரின் யோசனைதான். எழுத்துக்கு உதவி பெற்றால் நன்றியுரையில் சொல்ல வேண்டும். தரவுப் பகுப்பாய்வுக்கோ படங்களுக்கோ பயன்படுத்தினால் ஆய்வுமுறைப் பகுதியில். கட்டுரையோடு அனுப்பும் கடிதத்திலும் தெரிவிக்க வேண்டும். சாட்ஜிபிடியை இணையாசிரியராகச் சேர்க்கும் யோசனையைக் கைவிட்டேன். எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத கருவி ஆசிரியராக முடியாது என்று அதே பரிந்துரை தெளிவாகச் சொல்கிறது.

நான் சேர்த்த வரி: “மொழிநடையைத் திருத்தவும் மேற்கோள் பட்டியலைச் சீரமைக்கவும் சாட்ஜிபிடி பயன்படுத்தப்பட்டது, உள்ளடக்கத்தைச் சரிபார்த்து முழுப் பொறுப்பேற்கிறேன்.”

எதிர்பாராதது ஒன்று. அப்படி எழுதியபின் மனம் கேட்கவில்லை. பட்டியலின் 41 டிஓஐ எண்களையும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்) ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 17-ஆவது எண் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரைக்குப் போனது. என் பழைய வரைவில் எண் சரியாகவே இருந்தது. வடிவத்தைச் சீரமைக்கும்போது கருவி இரண்டு இலக்கங்களை மாற்றியிருக்கிறது. மதிப்பாய்வாளர்கள் எவரும் அதைக் கவனிக்கவில்லை.